ஸ்பெயின் சாப்பாட்டு மேசையில் புழங்கும் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்புக்கோ வேலைக்கோ ஸ்பெயின் கிளம்புகிறவர்கள் கைபேசிச் செயலியில் ஆப்பிள், ரொட்டி, பால் என்று நூறு சொல்லை உருப்போட்டுவிட்டுப் போகிறார்கள். மாட்ரிட்டில் ஒரு பாரில் நுழைந்ததும் அதில் பாதி கைகொடுப்பதில்லை. மணி என்ன, எந்த ஊர், எந்த அளவு கிளாஸ் என்பதையெல்லாம் பொறுத்து அங்கே சொல் மாறும். அதனால் அகரவரிசைப் பட்டியல் எதுவும் இங்கே தரவில்லை. எந்தச் சொல்லை எங்கே எடுப்பது என்பதைத்தான் சொல்லியிருக்கிறேன். எல்லாம் ஸ்பெயின் நாட்டு வழக்கு. லத்தீன் அமெரிக்காவுக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் உச்சரிப்பு சரியாக வருமா?

பெரும்பாலும் வரும். ஆங்கிலம் வழியாகப் படிப்பதைவிட இது மேல். ஸ்பானியர்களின் 'த' நம்முடையதைப் போலவே பல்லில் படும் 'த'. தக்காளியைத் 'தொமாத்தே' என்று நிம்மதியாகச் சொல்லலாம். 'டொமாட்டே' என்றால்தான் லண்டன்காரர் பேசுகிற மாதிரி கேட்கும். ஆங்கிலத்தில் எழுத்தே இல்லாத நம் 'ஞ' அவர்களிடம் தலையில் சுழி போட்ட தனி எழுத்தாக இருக்கிறது. சின்ன கிளாஸ் பீர் 'காஞா', அன்னாசி 'பிஞா'.

கவனிக்க வேண்டியவை சில. இரட்டை 'ல்' எழுதியிருந்தால் 'ய' என்று படிக்க வேண்டும்: கோழி 'போயோ', அரிசிப் பண்டம் 'பாஎயா', முட்டை அடை 'தோர்த்தியா'. இதில் 'போயோ'வின் கடைசி எழுத்தை 'ஆ' ஆக்கிவிடாதீர்கள், அது கெட்ட வார்த்தை. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் ஒருமுறையாவது மாட்டுவது இதில்தான். 'ஹ' எழுத்து எழுதப்படும், ஒலிக்காது. நம் காதில் 'ஹ' என்று விழுவதை அவர்கள் வேறு எழுத்தில் எழுதுகிறார்கள். பன்றித்தொடை 'ஹமோன்' அப்படித்தான். பீர் 'செர்பேசா'. அதில் வரும் 'ச'வை மாட்ரிட்டில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். தெற்கே அந்தலூசியாவின் பல இடங்களிலும் கடல் தாண்டிய நாடுகளிலும் சாதாரண 'ஸ'தான். இந்தப் பக்கம் முழுக்க அந்த எளிய ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். ஒயினான 'பீனோ'வின் முதலெழுத்து பஸ், பலூனில் வரும் 'ப'.

காலை, மதியம், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன பெயர்?

பெயரைவிட நேரம் முக்கியம். காலை உணவு 'தெசயூனோ'. காபியும் தக்காளி தேய்த்த ரொட்டியும் என்று சின்னதாக முடிந்துவிடும். பகல் சாப்பாடு 'கொமீதா'. இரண்டு மணிக்கு முன்னால் போனால் அடுப்பே சூடாகியிருக்காது. மாலை ஆறு மணி வாக்கில் பிள்ளைகளுக்குக் கொடுப்பது 'மெரியேந்தா', நம் ஊர் டிபன் நேரம். இரவுச் சாப்பாடு 'சேனா', ஒன்பதுக்கு மேல். ஏழு மணிக்குப் பசித்தால் பாரில் கொறிப்பதுதான் வழி.

குழப்பம் தருவது 'அல்முவேர்சோ'. அகராதி அதை மதிய உணவு என்கிறது. வாலென்சியாவிலும் அரகோனிலும் பத்தரை, பதினொரு மணிக்கு வேலையை நிறுத்திவிட்டுச் சாப்பிடும் பெரிய சாண்ட்விச்சுக்குத்தான் அந்தப் பெயர். வாலென்சியா அலுவலக நண்பர் 'அல்முவேர்சோவுக்குப் போகலாமா' என்றால், மதியப் பசியை அதற்காகச் சேர்த்துவைக்காமல் உடனே கிளம்பிவிடுங்கள். அப்புறம், 'கொமீதா' என்றால் பொதுவாக உணவு என்றும் பொருள். 'சாப்பாடு' என்ற நம் சொல்லும் அப்படித்தானே புழங்குகிறது?

மெனு கேட்டேன், சாப்பாட்டையே எடுத்து வரப் போனார். ஏன்?

ஸ்பெயினில் 'மெனூ' என்பது நம் ஊர் 'மீல்ஸ்' மாதிரி ஒரே விலைக்குக் கிடைக்கும் முழுச் சாப்பாடு. என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் அட்டைக்குப் பெயர் 'லா கார்த்தா'.

வேலை நாட்களில் பகலில் கிடைப்பது 'மெனூ தெல் தீயா', அன்றைய மெனு. 1960-களில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி, சுற்றுலாப் பயணிகளுக்கென்று கட்டாயமாக்கிய மலிவுச் சாப்பாட்டிலிருந்து வளர்ந்தது இது. இன்று அதைச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஊழியர்கள்தான். பல ஊர்களில் 12 முதல் 16 யூரோவுக்குள் முடியும். வாசலில் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். முதலில் 'ப்ரிமேரோ' (சூப், பருப்பு, சாலட், சோறு இவற்றில் ஒன்று), அடுத்து 'செகூந்தோ' (மீன் அல்லது கறி), கடைசியில் 'போஸ்த்ரே' என்ற இனிப்பு, அல்லது காபி. 'பான்' என்ற ரொட்டியும் குடிக்க ஏதாவது ஒன்றும் பெரும்பாலும் அந்த விலையிலேயே அடக்கம். ரொட்டியைப் 'பாண்' என்கிற இலங்கைத் தமிழர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. அவர்களுக்கு அது போர்த்துகீசியர் வழியாக வந்தது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு யோசனை: 'தோஸ் ப்ரிமேரோஸ்', அதாவது இரண்டு 'முதல்' கொடுங்கள் என்று கேட்கலாம். பல இடங்களில் மறுக்காமல் தருவார்கள்.

காபி கேட்பது எப்படி?

'கஃபே' என்று மட்டும் சொன்னால் 'எப்படி?' என்று திருப்பிக் கேட்பார்கள். 'சோலோ' என்றால் பாலில்லாத, ஒரு வாய் அளவுக் கறுப்புக் காபி. 'கொர்த்தாதோ' என்றால் அதில் கொஞ்சம் பால். 'கஃபே கோன் லேச்சே' பாதிக்குப் பாதி பால், நம் நாக்குக்குப் பக்கத்தில் வருவது. 'மஞ்சாதா' என்பது பாலில் காபிக் கறை பட்டதோடு சரி. வாலென்சியாப் பக்கம் 'போம்போன்' கேட்டால் அடியில் கெட்டிப்பால், மேலே காபி என்று இரண்டு அடுக்காக வரும். கோடையில் 'கஃபே கோன் யேலோ' கேட்டால், சுடச்சுடக் காபியும் பனிக்கட்டி போட்ட தனி கிளாஸும் வைப்பார்கள். சர்க்கரையைச் சூட்டிலேயே கலக்கிவிட்டு நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும். தெற்கே மாலகாவில் இன்னும் நுணுக்கம்: பால் கூடக்கூட ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர், கடைசியில் காபி பேருக்கு மட்டும் இருப்பது 'நூபே', மேகம்.

டீயைப் பற்றி நம்பிக்கை வைக்காதீர்கள். 'தே' என்று கேட்டால் வெந்நீரும் தூள் பையும் வரும். இன்னொன்று 'மன்சானியா'. மாலையில் ஒரு காபிக்கடையில் கேட்டால் சாமந்தி வகைப் பூ போட்ட வெந்நீர். வயிறு சரியில்லாதவர்கள் குடிப்பது. அதையே செவியா நகரத் திருவிழாவில் ராத்திரி கேட்டால் சன்லூக்கர் ஊரின் வெள்ளை ஷெர்ரி ஒயின். கடைத்தெருவில் அதே பெயரில் ஒரு ஜாதி ஆலிவ் காயும் உண்டு.

பீர், ஒயின் சொற்கள்? குடிக்காதவர்கள் என்ன கேட்பது?

முதலில் ஒன்று: அங்கே 'பார்' என்றால் நம் ஊர் பார் இல்லை. பாட்டியும் பேரனும் காலையில் ரொட்டி சாப்பிடும் இடமும் அதுதான். கூச்சப்படாமல் நுழையலாம்.

பீரைச் 'செர்பேசா' என்று கேட்பவர் குறைவு, அளவைச் சொல்லித்தான் கேட்பார்கள். குழாய் பீர் சுமார் 200 மில்லி 'காஞா', அதைவிடப் பெரியது 'தோப்ளே'. 330 மில்லி பாட்டில் 'தேர்சியோ', மூன்றில் ஒரு பங்கு லிட்டர் என்பதால் அந்தப் பெயர். 200 மில்லி பாட்டில் 'கீன்தோ', ஐந்தில் ஒரு பங்கு. பார்சலோனாவில் அந்த மூன்றிலொரு பங்கு 'மெதியானா' ஆகிவிடும். எலுமிச்சை சோடா கலந்த பீர் 'க்ளாரா'.

ஒயினில் சிவப்பு 'தின்த்தோ', வெள்ளை 'ப்ளான்கோ'. வெளிநாட்டவர் சங்க்ரியா என்ற பழம் போட்ட ஒயின் பானம் கேட்கும் இடத்தில் உள்ளூர்க்காரர் பெரும்பாலும் 'தின்த்தோ தெ பெரானோ' கேட்பார். சிவப்பு ஒயினில் சோடாவும் ஐஸும் போட்டது, விலையும் குறைவு.

குடிக்காதவர்களுக்குப் 'மோஸ்த்தோ' (புளிக்காத திராட்சைச் சாறு), 'சூமோ தெ நரான்ஹா' (ஆரஞ்சுச் சாறு), எல்லா இடத்திலும் கிடைக்கும் 'சின் அல்கோல்' பீர். என் ஓட்டு ஓர்ச்சாத்தாவுக்கு. வாலென்சியாவை ஒட்டிய அல்போராயா ஊரில் விளையும் 'ச்சூஃபா' என்ற கோரைக்கிழங்கு வகையை அரைத்துப் பிழிந்த, பால் சேராத வெள்ளைப் பானம். சில்லென்று குடிக்க வேண்டும். மெக்சிகோவில் இதே பெயரில் அரிசியும் பட்டையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

தண்ணீருக்குக் காசா?

'ஆகுவா' என்று மட்டும் கேட்டால் பாட்டில் வரும், பில்லும் ஏறும். 'ஆகுவா தெல் க்ரிஃபோ' என்றால் குழாய்த் தண்ணீர். 2022-இல் வந்த கழிவுக் குறைப்புச் சட்டப்படி உணவகங்கள் இதை இலவசமாகத் தர வேண்டும். பாட்டிலே வேண்டுமென்றால் 'சின் காஸ்' சாதாரணம், 'கோன் காஸ்' சோடா மாதிரி குமிழி விடுவது.

தாப்பா, ராசியோன், பின்ச்சோ: என்ன வித்தியாசம்?

பண்டம் ஒன்றாகவே இருக்கலாம், அளவுதான் வேறு. ஒரு குட்டித் தட்டு 'தாப்பா'. நாலு பேர் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் பெரிய தட்டு 'ராசியோன்'. பாதி போதுமென்றால் 'மேதியா ராசியோன்'. இரண்டு பேர் போய் மூன்று ராசியோன் சொல்லிவிட்டுத் திணறுவது வழக்கமாக நடக்கும் காட்சி. வடக்கே பாஸ்க் நாட்டில், முக்கியமாக சான் செபாஸ்தியனில், ரொட்டித் துண்டின்மேல் அடுக்கிக் குச்சி குத்தி வைத்திருப்பது 'பின்ச்சோ'. குச்சிகளை எண்ணிக் காசு வாங்கும் பழக்கமும் உண்டு.

கிரனாதாவிலும் லெயோனிலும் ஒரு பானம் வாங்கினால் தாப்பா இலவசமாக வரும். எது வரும் என்பது பெரும்பாலும் சமையல்காரர் கையில். சைவக்காரர்கள் பானம் கேட்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. மாட்ரிட்டில் நாலு ஆலிவ் காயோ சிப்ஸோ வைப்பார்கள், அவ்வளவுதான்.

நான் சுத்த சைவம். என்ன சொல்ல வேண்டும்?

'சொய் பெஹெத்தாரியானோ' என்று ஆண்களும் 'பெஹெத்தாரியானா' என்று பெண்களும் சொல்ல வேண்டும். சிக்கல் அதற்குப் பிறகுதான். 'கார்னே' என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் வருவது ஒரு துண்டுக் கறி. சூரை மீனும் ஹமோன் துருவலும் அதில் சேர்ந்தவை என்று எல்லோருக்கும் தோன்றாது. 'கார்னே இல்லாமல்' என்று கேட்டுச் சாலட் வாங்கினால், மேலே 'அத்தூன்' என்ற சூரை மீன் உட்கார்ந்திருக்கும். 'என்சலாதா மிக்ஸ்தா' என்ற கலவைச் சாலட்டில் அது கிட்டத்தட்ட நிச்சயம். அதனால் நீட்டியே சொல்லுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அத்தூன்'. கறி, மீன், ஹமோன், சூரை எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். குறிப்பிட்ட பண்டத்தைக் கேட்க 'யேபா ஹமோன்?', ஹமோன் சேர்ந்ததா என்பது போதும்.

காய்கறிப் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். பச்சைப் பட்டாணி, கூனைப்பூ, பீன்ஸ் மூன்றிலும் ஹமோன் துண்டு போட்டு வதக்குவது சகஜம். 'லென்தேஹாஸ்' என்ற பருப்பில் பெரும்பாலும் 'ச்சொரீசோ' தொத்திறைச்சி கிடக்கும். 'க்ரொக்கேத்தாஸ்' உருளைக்கிழங்கு போண்டா மாதிரி தெரிந்தாலும் உள்ளே பால் குழம்பும் ஹமோனும்தான். 'சால்மொரேஹோ' என்ற குளிர்ந்த தக்காளிக் கூழ் சைவம், மேலே தூவுவது சைவமல்ல; 'சின் ஹமோன்' என்று முன்கூட்டியே சொன்னால் தூவாமல் தருவார்கள்.

சரி, எதைத்தான் சாப்பிடுவது? காத்தலோனியாவில் தக்காளி தேய்த்த ரொட்டி. கலீசியாவின் 'பிமியேன்தோஸ் தெ பத்ரோன்', உப்புப் போட்டு வாட்டிய குட்டிப் பச்சை மிளகாய்; பெரும்பாலும் காரமிருக்காது, திடீரென்று ஒன்று உறைக்கும். செவியாவில் கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்த 'எஸ்பினாக்காஸ் கோன் கர்பான்சோஸ்'. சீரகம் போட்டு வருவதால் நம் வீட்டு வாசனை கொஞ்சம் அடிக்கும். கோர்தோபாவில் கத்தரிக்காயை வறுத்துக் கரும்புப் பாகு ஊற்றிய 'பெரென்ஹேனாஸ் கோன் மியேல்'. முட்டை சாப்பிடுவீர்களென்றால் ஊருக்கு ஊர் தோர்த்தியா இருக்கவே இருக்கிறது. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த அந்தக் கெட்டி அடையில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று ஸ்பானியர்கள் ஓயாமல் சண்டை போடுவார்கள். நான் வெங்காயக் கட்சி.

மறைந்திருப்பவை இரண்டு. 'மான்தேக்கா' என்றால் ஸ்பெயினில் பன்றிக்கொழுப்பு. வெண்ணெய் 'மான்தேக்கீயா'. கிறிஸ்துமஸ் இனிப்புகளான 'மான்தெகாதோ', 'போல்போரோன்' இரண்டும் வழக்கமாகப் பன்றிக்கொழுப்பில் பிசைந்தவை. அடுத்தது பாலாடைக்கட்டி, 'கேசோ'. பல வகைகளில் பாலைத் திரிக்க விலங்கு உறைமம் சேர்ப்பார்கள். 'குவாஹோ பெஹெத்தால்' என்று அட்டையில் இருந்தால் தாவர உறைமம். எஸ்த்ரெமாதூராவின் 'தோர்த்தா தெல் காசார்' ஆட்டுப்பால் கட்டி, முட்செடிப் பூவால் உறைய வைப்பது.

வெங்காயம், பூண்டு கூடாதென்றால் 'சின் செபோயா, சின் ஆஹோ'. சொல்லலாம், ஆனால் அங்கே அநேகமாக எல்லாச் சமையலும் இவை இரண்டும் எண்ணெயில் வதங்குவதில்தான் தொடங்குகிறது. வீட்டில் சமைத்துக்கொள்வதே நிம்மதி.

கறி, மீன் சொற்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

மாட்டுக்கறி வேண்டாமென்பவர்கள் 'தெர்னேரா', 'பாக்கா', 'புவேய்' மூன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இளசு, பசு, எருது. பன்றி வேண்டாமென்பவர்களுக்குச் 'செர்தோ' மட்டும் தெரிந்தால் போதாது. 'லோமோ', 'ச்சொரீசோ', 'பேய்க்கோன்', 'பான்சேத்தா' எல்லாமே வழக்கமாகப் பன்றிதான். 'மோர்சியா' இரத்தம் அடைத்த தொத்திறைச்சி. பூர்கோஸ் ஊரில் அதில் அரிசியும் சேரும். 'சொலொமீயோ' என்றால் இடுப்புக்கறி, ஆனால் பன்றியா மாடா என்று கேட்டால்தான் தெரியும். செம்மறி ஆட்டுக்குட்டி 'கொர்தேரோ'. மாட்ரிட்டின் 'காயோஸ்' மாட்டு இரைப்பை. போட்டி வறுவல் பிடித்தவர்களுக்கு மனது போகும்.

உயிரோடு நீந்தும் மீன் 'பெஸ்', பிடித்துத் தட்டுக்கு வந்துவிட்டால் 'பெஸ்காதோ'. நம் நெத்திலிக்கு நெருங்கிய உறவான ஒரே மீனுக்கு அங்கே இரண்டு பெயர். புதிதாகவோ, பொரித்தோ, காடியில் ஊறியோ வந்தால் 'போக்கெரோன்', வெள்ளையாக இருக்கும். உப்பில் பதப்படுத்திப் பழுப்பானால் 'ஆன்ச்சோவா'. கணவாய் 'கலமார்', பேய்க்கணவாய் 'பூல்போ', இறால் 'காம்பா'. 'பக்கலாவோ' பெரிய கடல்மீனின் உப்புக்கருவாடு. தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் சமைப்பார்கள்.

ஹமோன் வாங்குபவர்கள் குளம்பில் கட்டிய பட்டையைப் பார்க்க வேண்டும். 2014 விதிப்படி இபேரிக்கோ என்ற உள்நாட்டுப் பன்றி ரகத்துக்கு நாலு நிறம். கறுப்பு, கலப்பில்லாத இபேரிக்கோ இனம், ஓக் கொட்டை தின்று வளர்ந்தது. சிவப்பும் ஓக் கொட்டை தின்றதுதான், இனம் கலப்பு. பச்சை, வெள்ளை பட்டைகள் தீவனம் தின்றவைக்கு.

காரம் வேண்டுமென்றால்?

'பிக்கான்தே' என்று சொல்லுங்கள். 'கலியேன்தே' சூட்டைக் குறிக்கும். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'பிராபாஸ்' உருளைக்கிழங்கின் சாஸைக் காரம் என்று எச்சரித்துக் கொடுப்பார்கள், நமக்கு அது தக்காளிச் சட்னி. கடையில் காய்ந்த மிளகாய் வேண்டுமென்றால் 'கின்தீயா'. 'பிமென்தோன்' என்பது தூள். 'துல்சே' காரமில்லாதது, 'பிக்கான்தே' காரமானது. லா பேரா பள்ளத்தாக்குத் தூள் புகையில் காயவைத்தது. நம் மிளகாய்த்தூளுக்கு மாற்றாக அதைச் சாம்பாரில் போட்டால் விறகடுப்பு வாசம் தூக்கும், காரம் வராது.

மிளகு 'பிமியேன்தா', மிளகாய் 'பிமியேன்தோ'. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போனார். கிடைத்த கரீபியக் காயும் நாக்கைச் சுட்டதால், மிளகின் பெயரையே லேசாக மாற்றி அதற்கு வைத்துவிட்டார்கள். அதே காய் கப்பலேறி இங்கே வந்தபோது நாமும் மிளகிலிருந்துதான் மிளகாய்க்குப் பெயர் எடுத்தோம்.

பாஎயா பற்றி?

பாஎயா என்பது முதலில் பாத்திரத்தின் பெயர்: அகலமான, ஆழமில்லாத இரும்பு வாணலி. வாலென்சியாவின் பழைய முறையில் கோழி, முயல், பட்டையான பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை, குங்குமப்பூ. இறால், சிப்பி வகை போட்டதற்குத் தனிப்பெயர், 'பாஎயா தெ மரீஸ்கோ'. இரண்டையும் கலந்தால் 'மிக்ஸ்தா', உள்ளூர்க்காரர் முகம் சுளிப்பார். அடியில் பிடித்த மொறுமொறு காந்தல் 'சொக்கராத்'. நம் வீட்டில் கடைக்குட்டிக்குப் போவது, அங்கே பெரியவர்களே அடித்துக்கொள்வார்கள். மதியப் பண்டம் அது. ராத்திரி பத்து மணிக்குப் படம் போட்ட பலகை வைத்து விற்கும் கடையென்றால் யோசியுங்கள். காய்கறிப் பாஎயா கேட்டாலும் 'எல் கால்தோ எஸ் தெ பெர்தூராஸ்?' என்று, ஊற்றிய சாறு காய்கறியில் செய்ததா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கடைத்தெருவில் என்ன பேசுவது?

பழைய சந்தைகளில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. நாலு பேர் அங்கங்கே நிற்பார்கள். போனதும் 'கியேன் எஸ் எல் ஊல்த்திமோ?', கடைசி ஆள் யார் என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார், அவருக்கு அடுத்து நீங்கள். இதைக் கேட்காமல் நின்றால் மதியம் வரை நிற்கலாம்.

ஒரு கிலோ 'உன் கீலோ', அரை கிலோ 'மேதியோ கீலோ', கால் கிலோ 'உன் குவார்த்தோ'. இவற்றோடு 'குவார்த்தோ இ மித்தாத்' என்று ஒன்று உண்டு: கால் கிலோவும் அந்தக் காலில் பாதியும், ஆக 375 கிராம். கறிக்கடையில் பாட்டிமார் கேட்கும் அளவு இது.

நம் தயிருக்கு 'யொகூர் நத்தூரால்', சர்க்கரை சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். 'குவாஹாதா' என்ற சொல் தயிர் போலத் தோன்றும், ஆனால் அது உறைமம் ஊற்றிக் கட்டிய பால், புளிக்காது. கொத்தமல்லித்தழை 'சிலான்த்ரோ', வெகுவாகக் கிடைக்கும் 'பெரெஹீல்' அதைப் போலவே இருக்கும் வேறு தழை. முகர்ந்து பார்த்து வாங்கவும். சீரகம் 'கொமீனோ', மஞ்சள் 'கூர்க்குமா'. துவரம் பருப்பு, புழுங்கலரிசி வேண்டுமென்றால் மாட்ரிட்டில் லவாப்பியேஸ், பார்சலோனாவில் ரவால். வங்கதேச, பாகிஸ்தான் கடைகள் வரிசையாக உண்டு. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஐரோப்பிய விதி உதவும்: 14 வகை ஒவ்வாமைப் பொருட்களை அட்டையில் குறிப்பிட்டே ஆக வேண்டும். நிலக்கடலை 'கக்கவேத்தே', பாதாம் முந்திரி வகையறா 'ஃப்ரூத்தோஸ் செக்கோஸ்'.

இதே சொற்களோடு மெக்சிகோ, அர்ஜென்டினா போகலாமா?

போகலாம், பசியோடு திரும்ப மாட்டீர்கள். ஆனால் கேட்டது வராது. மெக்சிகோவில் தோர்த்தியா சோள ரொட்டி. 'தோர்த்தா' ஸ்பெயினில் அடை, கேக் வகை, மெக்சிகோவில் சாண்ட்விச். உருளைக்கிழங்கு ஸ்பெயினில் 'பத்தாத்தா', அங்கெல்லாம் 'பாப்பா'. அதுதான் கெச்சுவா மொழியின் மூலச் சொல்; கனாரித் தீவுகளும் அந்தலூசியாவும்கூட 'பாப்பா' என்றே சொல்லும். சாறு 'சூமோ' போய் 'ஹூகோ' ஆகும். வெண்ணெய்ப்பழம் மெக்சிகோவில் 'அகுவாக்காத்தே', பெரு, சிலி, அர்ஜென்டினாவில் 'பால்தா'. சோளக்கதிர் மெக்சிகோவில் 'எலோத்தே', ஆண்டிஸ் மலைப்பக்கம் 'ச்சோக்லோ'. ஸ்ட்ராபெரி ஸ்பெயினில் 'ஃப்ரேசா', அர்ஜென்டினாவில் 'ஃப்ருத்தியா'. மிளகாய் மெக்சிகோவில் 'ச்சீலே', தெற்கே போனால் 'அஹீ'. அர்ஜென்டினாவில் 'மான்தேக்கா' வெண்ணெய்தான், பயமில்லை. மெக்சிகோவில் மறுபடி பன்றிக்கொழுப்பு, மசித்த பயறும் அதில்தான் பெரும்பாலும் வதங்கும். எடுப்பதற்கு ஸ்பெயினில் சொல்லும் 'கொஹேர்' என்ற வினையை மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் வாயால் சொல்லாதீர்கள், அங்கே அது கெட்ட வார்த்தை; 'தொமார்' என்று சொல்லிப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

தமிழோடு தொடர்புள்ள சொல் ஏதாவது உண்டா?

உண்டு. மாம்பழம் அங்கே 'மாங்கோ'. நம் 'மாங்காய்' போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஐரோப்பா போனது. முருங்கை 'மொரீங்கா'. இஞ்சி 'ஹென்ஹீப்ரே' ஆனது நீண்ட கதை: 'இஞ்சிவேர்' பிராகிருதம், கிரேக்கம், லத்தீன் என்று தேய்ந்து வந்து சேர்ந்தது. ஆரஞ்சு 'நரான்ஹா', நம் நாரத்தையின் உறவு. சர்க்கரையும் 'அசூக்கார்' என்பதும் ஒரே வடமொழி வேர். 711 முதல் 1492 வரை ஸ்பெயினில் இருந்த முஸ்லிம் ஆட்சி இப்படிப் பல சொற்களை அரபி வழியாகக் கொண்டுவந்து சேர்த்தது. எண்ணெய் 'அசேய்த்தே', அரிசி 'அர்ரோஸ்', கத்தரி 'பெரென்ஹேனா' மூன்றும் அந்த வழிதான். தர்ப்பூசணி 'சந்தீயா', சிந்து தேசத்துப் பழம் என்று பொருள். 'அர்ரோஸ்' நம் 'அரிசி'தான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அரபி 'ருஸ்' வரை சந்தேகமில்லை, அதற்கு முந்தைய வேரில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எதிர்த்திசையில் வந்தது சப்போட்டா. மெக்சிகோவின் நவாத்தில் மொழிச் சொல் ஸ்பானியத்தில் 'சப்போத்தே' ஆகி, பழத்தோடு சேர்ந்து நம் ஊருக்கு வந்துவிட்டது.

மரியாதையாக ஆர்டர் செய்வதும் பில் கேட்பதும்?

'எனக்கு வேண்டும்' என்று சுற்றி வளைக்காமல், பாரில் 'மே போனேஸ் உனா காஞா?', ஒரு காஞா வைக்கிறீர்களா என்பதுதான் சகஜம். கூடவே ஒரு 'போர் ஃபபோர்'. வயதானவர் நடத்தும் கடையிலோ மேசைவிரிப்புப் போட்ட இடத்திலோ மரியாதைப் பன்மை போல 'மே போனே' என்று வினையை மாற்றிச் சொல்லலாம். பரிமாறுபவர் ஸ்பெயினில் 'கமரேரோ', மெக்சிகோவில் 'மெசேரோ'. பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கண்ணைப் பார்த்துக் கையைத் தூக்கினால் போதும்.

சாப்பிட்டு முடித்ததும் பில் தானாக வராது. சாப்பாட்டுக்குப் பிறகு மேசையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் 'சொப்ரெமேசா' அவர்களுக்கு முக்கியம். பில்லைக் கொண்டுவந்து வைப்பது 'எழுந்து போங்கள்' என்பது போலாகிவிடும். 'லா குவேன்தா, போர் ஃபபோர்' என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். டிப்ஸ் 'ப்ரொப்பீனா', கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவிட்டு எழுந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பக்கத்து மேசையில் சாப்பிடுகிறவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போகிறார்களே?

'கே அப்ரொபேச்சே'. நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். தெரியாதவர்கள்கூடச் சொல்வார்கள். 'கிராசியாஸ்' என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடரலாம்.